நாய்க்கும் பூனைக்கும் கருத்தடை செய்யும்போது காதில் அடையாளம் வைப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மிருக வைத்தியர் இல்லை. மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் திரியும் நாய்களையும் பூனைகளையும் பிடித்து, ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய், கருத்தடை செய்வித்து, மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் குந்தியிருந்து பழகியவள், அவ்வளவுதான். அப்படி ஏழெட்டு வருடம் திரிந்ததில் ஆரையம்பதி, ஏறாவூர், அந்தப் பக்கம் கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் கோல் எடுத்துக் கேட்பார்கள். சாப்பாடு எப்போது கொடுப்பது, தையல் எப்போது வெட்டுவது என்பதற்கெல்லாம் டொக்டரே பதில் சொல்லிவிடுவார். என்னிடம் வருவதில் பாதி, காதைப் பற்றிய கேள்விதான். அவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

காதில் பச்சை குத்துவது என்கிறார்களே, அது என்ன?

இந்தக் கேள்வி பெரும்பாலும் மெல்பேர்னில் இருந்தோ சிட்னியில் இருந்தோதான் தொடங்குகிறது. அங்கே உள்ள மச்சாள் தன் பூனையின் படத்தை அனுப்புவார். காதின் உட்பக்கத்தில் ஏதோ குத்தியிருக்கும். இங்கே உள்ளவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, எங்கள் குட்டிக்கும் இப்படிச் செய்யலாமா என்று கேட்பார்.

அவுஸ்திரேலியாவில் கருத்தடை செய்யும் அதே மயக்கத்தில், காதின் உட்பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டமும் அதற்குக் குறுக்கே ஒரு கோடும் குத்துவது வழக்கம். அதற்கு ஒரே அர்த்தம்தான்: இந்த மிருகத்துக்குக் கருத்தடை முடிந்துவிட்டது. கனடாவில் எழுத்தும் இலக்கமுமாகக் குத்துவதும் உண்டு. அதை வைத்து எந்தக் கிளினிக்கில் செய்தது என்று தேடிப் பிடிக்கலாம். பிரான்சில் சாதி நாய்களுக்கும், பல நாடுகளில் ஓட்டப்பந்தய நாய்களுக்கும் காதில் இலக்கம் குத்தியிருப்பார்கள். அது கருத்தடைக்கான குறி அல்ல, ஆளடையாளம். படத்தில் காதைப் பார்த்ததும் எல்லாம் ஒன்று என்று நினைக்கக் கூடாது.

எங்கள் ஊரில் தெரு நாய்களின் காதில் ஒரு வெட்டு இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

சொல்லும் செய்தி ஒன்று, செய்யும் விதம் வேறு. தெருவில் திரியும் நாயைப் பிடித்துக் கருத்தடை செய்துவிட்டுத் திரும்ப விடும்போது காது விளிம்பில் சின்னதாக ஒரு துண்டை வெட்டி எடுத்துவிடுவார்கள். பூனைக்கு என்றால் காது நுனியை நேராகக் கத்தரிப்பார்கள். வளர்ந்த பூனைக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர். பல நாடுகளில் பூனைக்கு இடது காது என்று ஒரு வழக்கம் இருக்கிறது, ஆனால் இடமா வலமா என்பது இடத்துக்கு இடம் மாறும், அதில் மண்டையை உடைக்க வேண்டாம்.

மூன்றாவதாக இன்னொன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் எவரும் கேட்பதில்லை: வயிற்றில், தையல் போட்ட இடத்தில் அல்லது அதற்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பச்சைக்கோடு. ஒப்பரேசன் முடியும்போது ஒரு சொட்டு மை வைத்துவிட்டால் தோலோடு சேர்ந்து ஆறிவிடும். ஒரு நிமிட வேலை.

கருத்தடை செய்ததா இல்லையா என்று பார்த்தாலே தெரியாதா?

கடுவனில் பெரும்பாலும் தெரியும். விதை இல்லை என்றால் நலமடித்தது. அதிலும் ஒரு சிக்கல், விதை கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்ட கடுவனும் வெளியே பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் அது அரிது.

பெட்டையில் தெரியாது. எங்கள் வீட்டுக் கறுப்பியின் கதையைச் சொன்னால் விளங்கும். கடற்கரைப் பக்கம் இருந்து வந்து எங்கள் படலையடியில் படுத்தவள். வயது மூன்று நான்கு இருக்கும். குட்டி போடுவதற்குள் செய்துவிடுவோம் என்று கொண்டுபோனேன். மயக்க ஊசி போட்டு, வயிற்று மயிரை வழித்து, வெட்டித் திறந்து தேடினால் உள்ளே கருப்பையும் இல்லை, ஒன்றும் இல்லை. யாரோ எப்போதோ செய்துவிட்டிருக்கிறார்கள். பழைய தழும்பு நூல் மாதிரி, கறுத்தத் தோலில் ஒருவர் கண்ணுக்கும் படவில்லை. டொக்டரைக் குறை சொல்ல முடியாது. எனக்குத்தான் மூன்று நாள் அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஒரு மயக்கம், ஒரு வெட்டு, பத்து நாள் வலி, எல்லாம் வீண். முதலில் செய்தவர் ஒரு சொட்டு மை வைத்திருந்தால் வயிற்றை வழித்த கையோடு நிறுத்தியிருக்கலாம்.

என் வீட்டு நாய் வீட்டில்தானே இருக்கிறது, கிளினிக் கார்டும் இருக்கிறது. அதற்கு எதற்கு அடையாளம்?

இன்றைக்கு வீட்டில் இருக்கிறது. எங்கள் பக்கம் குடும்பங்கள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒருவர் கட்டாருக்குப் போவார், ஒருவர் கொழும்புக்கு, வீட்டைப் பூட்டும்போது நாய் பக்கத்து வீட்டுக்குக் கைமாறும், அங்கிருந்து படுவான்கரையில் வயலில் காவலுக்குப் போகும். கார்டு பழைய வீட்டு அலுமாரியிலேயே கிடக்கும். மாரியில் வெள்ளம் வந்தால் அலுமாரியும் போகும். கடதாசி தண்ணீரில் போவது எப்படி என்று கல்லடிக்காரருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

நாயை விட்டுப் பிரியாதது அதன் தோல் ஒன்றுதான்.

சரி, அப்படியானால் எதைத் தெரிவு செய்வது: காதில் பச்சையா, காது வெட்டா, வயிற்றுக் கோடா?

ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இந்தக் குறியை யார், எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்கப் போகிறார்?

தெரு நாய் என்றால், பார்க்கப்போகிறவர் வலையோடு பத்து யார் தூரம் தள்ளி நிற்கிறார். அவருக்குக் காது விளிம்பில் வெட்டு தெரிந்தால்தான் பிரயோசனம். உட்காதில் பச்சை குத்தியிருக்கிறது என்று சொல்லி, அறிமுகம் இல்லாத தெரு நாயின் காதைத் திருப்பிப் பார்க்க யார் போவார்? வயிற்றுக் கோடும் அங்கே பிந்தித்தான் உதவும். அதைப் பார்ப்பதற்குள் நாயைத் துரத்தி, பிடித்து, கூட்டில் அடைத்து, மயக்க ஊசியும் போட்டு முடிந்திருக்கும். 2006 ஆம் ஆண்டில் இருந்து இலங்கையில் தெரு நாய்களைப் பிடித்துக் கொல்வது கைவிடப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும்தான் வழி என்று ஆனது. அந்த வழியில் ஒரே நாயை இரண்டு தரம் பிடிப்பது காசையும் கெடுக்கும், நாயையும் கெடுக்கும்.

வீட்டு நாய், வீட்டுப் பூனை என்றால், பார்க்கப்போகிறவர் அடுத்த டொக்டர். அவர் எப்படியும் கிட்ட வந்து, தடவி, வயிற்றை வழிக்கத்தான் போகிறார். ஆகவே வயிற்றுக் கோடு போதும் என்பது என் அபிப்பிராயம். காதில் பச்சை குத்தும் வசதி உங்கள் டொக்டரிடம் இருந்தால் அதுவும் நல்லது, இன்னும் ஒரு படி முந்தியே தெரிந்துவிடும். இல்லை என்றால் அதற்காகக் கொழும்புக்கு ஓட வேண்டாம். குத்துவதற்கான கருவி எல்லா இடத்திலும் இருக்காது. வயிற்றுக் கோட்டுக்கு ஒரு ஊசியும் மையும் போதும்.

நடுவில் ஒரு சாதி உண்டு. காலையில் உங்கள் வீட்டில் பாண் தின்னும், பகல் பள்ளிக்கூடத்தடியில் படுக்கும், இரவு மீன்சந்தையில் திரியும். பெயரளவில் உங்கள் நாய். அதற்குக் காது வெட்டையே வையுங்கள். இந்த ஊரில் முக்கால்வாசி அந்தச் சாதிதான்.

காதை வெட்டினால், குத்தினால் வலிக்காதா?

கருத்தடைக்குக் கொடுத்த மயக்கத்திலேயே செய்வதால் அந்த நேரத்தில் தெரியாது. அதனால்தான் அப்போதே கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். பச்சை குத்தினால் ஒன்றிரண்டு நாள் காது சிவந்திருக்கும். வெட்டினால் கொஞ்சம் இரத்தம் வரும், அங்கேயே நிறுத்திவிடுவார்கள். வயிற்றில் பட்ட வெட்டோடு ஒப்பிட்டால் இது நுளம்புக்கடி. ஆனால் காதுக்குள் சொறி, உண்ணி, சீழ் எதுவும் இருந்தால் முதலில் அதற்கு மருந்து. குறி பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பச்சை எவ்வளவு காலம் நிற்கும்?

நன்றாகக் குத்தினால் ஆயுள் முழுக்க நிற்கலாம். நடைமுறையில் மை பரவும், மங்கும், காதில் மயிர் வளர்ந்து மறைக்கும். கறுத்தக் காதில் தொடக்கத்தில் இருந்தே தேடித்தான் பார்க்க வேண்டும், எங்கள் ஊர் நாய்களில் எத்தனைக்குக் காது கறுப்பு என்று எண்ணிப் பாருங்கள். வட்டமும் கோடும் என்றால் மங்கினாலும் ஊகிக்கலாம். இலக்கம் குத்தியிருந்தால், 3 எது 8 எது என்று தெரியாமல் போனால் முடிந்தது கதை. ஐரோப்பிய ஒன்றியம் நாய், பூனைகளைக் கொண்டுவரும் விதிகளில், 2011 ஜூலை 3 ஆம் திகதிக்கு முன் குத்தி இன்றும் தெளிவாக வாசிக்கக்கூடியதாக இருக்கும் பச்சையை மட்டுமே ஏற்கிறது. அதற்குப் பிறகு தோலுக்கு அடியில் வைக்கும் மைக்ரோசிப்தான். பச்சையின் வாசிப்பில் அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று இதில் இருந்தே தெரியும்.

காதில் குறி இருந்தால் தொலைந்த நாய் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. அதிகம் பேர் தப்பாக விளங்கியிருப்பது இதைத்தான். அதற்குக் காரணமும் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. மட்டக்களப்பில் பட்டி வைத்திருந்த குடும்பங்களுக்குக் குறி என்றால் மாட்டுக் குறிதான். மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் மேய்ச்சலுக்குப் போன மாடு எந்தப் பட்டியில் கலந்தாலும், சுட்ட குறியையும் காது வெட்டையும் பார்த்து இன்னாருடைய மாடு என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே நாயின் காதில் வெட்டைக் கண்டதும், ‘அப்போ இதற்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான்’ என்று நினைப்பது எங்கள் புத்தியில் ஊறிய கணக்கு.

மாட்டின் குறி அது யாருடையது என்று சொல்கிறது. இங்கே நாய்க்கு வைக்கும் குறி அதற்கு என்ன செய்தார்கள் என்று மட்டும் சொல்கிறது. உங்கள் பெயர் அதில் இல்லை, வீட்டு இலக்கமும் இல்லை.

நாய் திரும்பி வர வேண்டும் என்றால் கழுத்துப்பட்டியில் போன் நம்பரை எழுதுங்கள். அழியாத மையால் பட்டியிலேயே எழுதலாம், அல்லது தகட்டில் பொறித்துத் தொங்கவிடலாம். பூனைக்கு இழுத்தால் தானே கழன்றுவிடும் பட்டிதான் போட வேண்டும், வேலியில் மாட்டித் தொங்கி இறந்த பூனையை நான் கண்டிருக்கிறேன். இலங்கையில் நாயை உள்ளூராட்சி சபையில் பதிய வேண்டும் என்று 1901 ஆம் ஆண்டே கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. நூற்றிருபது வருடம் தாண்டியும் பதிந்தவரை விரல்விட்டு எண்ணலாம் போல இருக்கிறது.

மைக்ரோசிப் போட்டால் இதெல்லாம் தேவையில்லையே?

அரிசி மணி அளவான ஒரு சிப்பைத் தோலுக்கு அடியில் ஊசியால் வைப்பார்கள். அதில் 15 இலக்கங்கள் இருக்கும், வேறு ஒன்றும் இல்லை. நாய் எங்கே நிற்கிறது என்று அது போனில் காட்டாது. இதை வாரம் ஒருவருக்காவது சொல்கிறேன். வாசிக்கும் கருவி ஒருவரிடம் இருக்க வேண்டும், அந்த இலக்கம் உங்கள் பெயரோடு எங்காவது பதிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சிப் சும்மா கிடக்கும். உங்கள் நாயைக் கண்டெடுக்கப் போகிறவர் சந்தியில் கடை வைத்திருக்கும் ஐயா. அவரிடம் கருவி இல்லை, கண் இருக்கிறது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் மட்டும் சிப் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐ.எஸ்.ஓ. 11784, 11785 என்ற சர்வதேசத் தரத்துக்கு உரியதா என்று கேட்டுப் போடுவியுங்கள்.

காது வெட்டின நாய் கடித்தால் பயமில்லைதானே? அதற்கு ஊசி போட்டிருக்கும்தானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் குரலை உயர்த்துவேன். காது வெட்டு கருத்தடைக்கான குறி. ஒப்பரேசன் அன்றைக்கு விசர்நாய்த் தடுப்பூசியும் போட்டிருக்கலாம், ஆனால் அது எந்த வருடம்? தடுப்பூசியை வருடாவருடம் போட வேண்டும், காதில் வெட்டு வருடாவருடம் புதிதாக முளைக்காது. ஐந்து வருடத்துக்கு முன் வெட்டிய காதும் நேற்று வெட்டிய காதும் தூரத்தில் ஒரே மாதிரித்தான் தெரியும்.

எந்த நாய் கடித்தாலும், பூனை கீறினாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், மூன்று நிமிடத்திலேயே பதினைந்து ஆனது போல இருக்கும். மிளகாய்த்தூள், கோப்பித்தூள், சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம். நேராக அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடி நோய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம். அதற்கு முன் ஊசி போட்டுக்கொண்டால் தப்பலாம். கடித்தது வீட்டு நாய் என்றாலும் கட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாமா, ஊசி வேண்டுமா என்று டொக்டர் தீர்மானிக்கட்டும்.

வைரவர் வாகனத்தின் காதை வெட்டுவது பாவம் இல்லையா?

எங்கள் ஒழுங்கையில் உள்ள மாமி ஒருவர் முதல்தரம் கண்டபோது, “என்னகா இது, வாயில்லாச் சீவன்ட காதை அறுத்துப்போட்டு வந்திருக்கியள்?” என்று கத்தினார். நான் வாதாடவில்லை. அந்தப் பெட்டை முந்திய வருடம் போட்ட ஏழு குட்டியில் எத்தனை றோட்டில் போனது என்று அவருக்கே தெரியும். இப்போது அந்த நாய்க்கு மீன்தலை வைப்பவர் அவர்தான். தன் வீட்டுப் பூனைக்கு மட்டும் காது வேண்டாம், வயிற்றில் கோடு போதும் என்றார். போட்டோம்.

காத்தான்குடியில் இருந்தும் ஏறாவூரில் இருந்தும் மார்க்கத்தில் கூடுமா என்று கேட்கிறார்கள். மிருகத்தின் முகத்தில் சூடு போடுவதைத் தடுக்கும் ஹதீஸ் இருக்கிறது. ஆடுகளின் காதில் அடையாளம் இட்டதாக வரும் ஹதீஸும் இருக்கிறது. கருத்தடை விடயத்தில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்த்துவைக்க நான் ஆள் இல்லை, உங்கள் மௌலவியிடம் கேளுங்கள்.

ஒப்பரேசனுக்குப் பிறகு காதை எப்படிப் பார்த்துக்கொள்வது?

காலால் காதைச் சொறியாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கழுத்தைச் சுற்றிப் போடும் பிளாஸ்டிக் கூம்பு, வயிற்றுத் தையலை நக்காமலும் காதைச் சொறியாமலும் இரண்டுக்கும் உதவும். பத்து நாளைக்குக் குளிப்பு இல்லை, கடலும் இல்லை, வாவியும் இல்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் புழுதியும் பறக்கும், நிழலான விறாந்தையில் கட்டுங்கள். எனக்குப் பயம் இலையான்தான். ஈரமான காயத்தில் இலையான் இருந்தால் புழு வைக்கும், அதுவும் மாரிகாலத்தில் சொல்லத் தேவையில்லை. காயத்தைக் காய்ந்தபடி வைத்து, தினமும் இரண்டு தரம் கண்ணால் பாருங்கள். வீக்கம், மணம், சீழ் என்றால் திரும்பக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று: வலிக்கும் என்று பாவம் பார்த்துப் பனடோல் கொடுக்காதீர்கள். பூனைக்கு ஒரு பனடோலே உயிரை எடுக்கும். வலிக்கு டொக்டர் தருவதை மட்டும் கொடுங்கள்.

முன்பே கருத்தடை செய்துவிட்டோம், குறி வைக்கவில்லை. இப்போது வைக்கலாமா?

குறிக்காக மட்டும் மயக்க மருந்து கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிறகு எப்போதாவது பல்லுக்கோ கட்டிக்கோ மயக்க வேண்டி வந்தால் அப்போது சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். வீட்டில் நீங்களே சூட்டுக்கோலோ ஊசியோ எடுக்க வேண்டாம்.

யாரிடம், எப்படிக் கேட்பது?

உங்கள் பிரிவுக் கால்நடை வைத்திய அலுவலகத்திலோ தனியார் கிளினிக்கிலோ, எங்கே செய்தாலும், ஒப்பரேசனுக்கு நாள் எடுக்கும்போதே கேளுங்கள். அன்று காலை கேட்டால், வரிசையில் இருபது நாய் நிற்கும்போது, உங்கள் குரல் யாருக்கும் கேட்காது. மாட்டு டொக்டர் என்று நாங்கள் சொல்லும் அதே ஆள்தான், காதில் குறி வைப்பது அவருக்குப் புதினம் இல்லை. “டொக்டர், பெட்டை நாய், முடிந்தால் வயிற்றில் பச்சைக்கோடு ஒன்று வையுங்கோ” என்றால் போதும். தெரு நாயாக இருந்தால், கூட்டில் ஒட்டும் கடதாசியில் ‘காது வெட்டவும்’ என்று எழுதுங்கள். வீட்டு நாயாக இருந்தால் ‘காது வெட்ட வேண்டாம்’ என்று எழுதுங்கள். கருத்தடை முகாம் நாட்களில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கூட்டில் இருக்கும், மயங்கிப் படுத்தால் எது எவருடையது என்று தெரியாது. எங்கள் ஒழுங்கையில் சங்கிலியும் மணியும் போட்ட வீட்டு நாய் ஒன்று அப்படித்தான் ஒரு காதில் வெட்டோடு திரிகிறது. சொந்தக்காரர் இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.